தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை கேட்கும் முன்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

2024ஆம் ஆண்டு நவம்பர் 1, வெள்ளிக்கிழமையன்று நியூயார்க் நகரத்தின் பொதுப்பள்ளிகள் முதன்முறையாகத் தீபாவளிக்காக மூடப்பட்டன. பல ஆண்டுகள் பலர் உழைத்ததன் பலன் அது. முந்தைய ஆண்டு நவம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்குல் கையெழுத்திட்ட மாநிலச் சட்டத்தின்படி வந்த விடுமுறை. ஆனால் தமிழ்நாட்டில் அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அந்த நாளையே கடைப்பிடித்த தமிழ் வீடுகளில் பிள்ளைகள் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியத்தை முகம் சுளித்து விழுங்கி, புத்தாடையின் மேல் குளிருக்கான மேலங்கியைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல் பள்ளிக்குப் போனார்கள். அன்று ஹாலோவீனும் சேர்ந்துகொண்டதால் புத்தாடைக்குப் பள்ளியில் தனிக் கவனம் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. விடுமுறை மறுநாள்தான் வந்தது.

பொதுப்பள்ளி நாட்காட்டி மத விடுமுறைகளை ஏற்க வேண்டுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, உள்ளூர்ப் பொதுப்பள்ளிகளை ஆளும் பள்ளி வாரியத்தின் முன் நிற்க விரும்பும் பெற்றோர், முதலில் தாம் கேட்பது எதை என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் நமக்கு வசதியாக இரண்டு சொற்கள் இருக்கின்றன: விடுமுறை பள்ளிக்கு, விடுப்பு பிள்ளைக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கையிலிருக்கும் விடுப்பு உரிமையை அறியாமலே விடுமுறைக்காகப் போராடி, தோற்று, அடுத்த ஆண்டும் தீபாவளியன்று பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. என் நிலைப்பாட்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பண்டிகை எவ்வளவு தொன்மையானது, எத்தனை கோடிப் பேர் உலகில் அதைக் கொண்டாடுகிறார்கள் என்பதெல்லாம் ஓர் ஊரின் பொதுப்பள்ளியை மூடுவதற்குக் காரணமாகாது. அந்த ஊரில், அந்த நாளில், வகுப்பை ஒழுங்காக நடத்த இயலாத அளவுக்குப் பிள்ளைகளோ ஆசிரியர்களோ வராமற்போகிறார்கள் என்பதே தகுந்த காரணம். அந்த அளவை எட்டாத ஊரில், வராத பிள்ளை எதையும் இழக்காதபடி விதிகளைச் செம்மைப்படுத்தக் கேட்பதே நியாயமானது. பெரும்பாலும் அதுவே கிடைக்கக்கூடியதும்கூட.

விடுப்பு: ஏற்கெனவே இருக்கும் உரிமை

மத அனுசரிப்புக்காகப் பள்ளிக்கு வராமலிருக்கும் உரிமையைப் பல மாநிலங்கள் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. நியூயார்க் மாநிலக் கல்விச் சட்டம் அதை அனுமதிக்கிறது. டெக்சஸ் மாநிலச் சட்டம் மதப் புனித நாளுக்கான விடுப்பைப் பள்ளி ஏற்றே ஆக வேண்டும் என்கிறது. அதற்கான பயண நாளையும் கணக்கில் சேர்க்கிறது. இவ்வகையில் மிகத் தெளிவாக அமைந்தது நியூ ஜெர்சியின் ஏற்பாடு. அங்கே மாநிலக் கல்வி வாரியம் ஏற்கப்பட்ட மத விடுமுறைகளின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதிலுள்ள நாளில் பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதத்துடன் விடுப்பெடுக்கும் மாணவருக்கு, அந்த விடுப்பைக் காரணம் காட்டி எந்தப் பரிசையும் பரிசுக்குப் போட்டியிடும் தகுதியையும் மறுக்கக்கூடாது. அன்று தேர்வு நடந்திருந்தால் மாற்றுத் தேர்வு எழுதவும் வாய்ப்புத் தர வேண்டும். பட்டியலில் உள்ளவற்றோடு பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரத்தின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) தாமாகவும் நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே நியூ ஜெர்சியில் வாழ்பவர்கள் வாரியத்திடம் போகுமுன் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது. பிற மாநிலத்தவர்கள் தங்கள் மாவட்டத்தின் மாணவர் கையேட்டில் ‘வருகை’ என்ற தலைப்பின்கீழ் தேட வேண்டும்.

கடிதத்தை நான்கு வரிகளுக்கு மேல் எழுத வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர், வகுப்பு, தேதி, ‘மத அனுசரிப்பின் பொருட்டு’ என்ற காரணம், அன்று தவறும் பாடத்தையும் தேர்வையும் எப்போது ஈடுசெய்யலாம் என்ற கேள்வி ஆகியவை போதும். பண்டிகையின் கதையை விளக்க வேண்டாம். நரகாசுரனைப் பற்றி வருகைப் பதிவு எழுத்தருக்குத் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் காரணத்தை அந்தச் சொற்களிலேயே எழுதுவது முக்கியம். முதல் ஆண்டு நான் ‘குடும்ப நிகழ்ச்சி’ என்று அடக்கமாக எழுதி அனுப்பினேன். அனுமதியில்லாத வராமை என்ற குறியீட்டில் அது பதிவாகிவிட்டது. ஆண்டிறுதியில் முழு வருகைச் சான்றிதழ் கைநழுவியபோதுதான் மகனுக்கும் எனக்கும் அது தெரிந்தது. பிழை என்னுடையது, பள்ளி அலுவலகம் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே பதிந்திருந்தது. மத அனுசரிப்பு என்ற சரியான குறியீட்டுக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. பின்னாளில் விடுமுறை கேட்கும்போது வாரியம் எண்ணிப் பார்க்கக்கூடிய எண்ணிக்கை அதுதான். ஆயிரம் குடும்பங்கள் வயிற்றுவலி என்று எழுதிப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டால், பள்ளியின் பதிவேட்டில் ஆயிரம் வயிற்றுவலிகள்தாம் இருக்கும்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்லூரி அளவிலான பாடங்களுக்கு மே மாதத்தில் நடக்கும் ஏபி தேர்வுகளின் தேதிகளைக் காலேஜ் போர்டு என்ற தேசிய அமைப்பு முடிவு செய்கிறது. உள்ளூர் வாரியத்திடம் அதற்காக முறையிட்டுப் பயனில்லை. இசைக்குழு, விளையாட்டு அணி போன்றவற்றின் பயிற்சியாளர்களோ விடுப்பு விதிகளை அறியாமல், பயிற்சிக்கு வராதவரை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். வகுப்புக்குப் பொருந்தும் விதி பள்ளி நேரத்துக்குப் பிந்தைய செயல்களுக்கும் பொருந்துமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வில்லா நாள்: நடுவழி

விடுப்பு உரிமை இருந்தாலும், அன்று புதிய பாடம் நடந்தால், அடுத்த நாள் தேர்வு வைக்கப்பட்டால், பிள்ளை மறுநாள் இரட்டைச் சுமையோடு அமர வேண்டியிருக்கும். இதற்கு விடையாகச் சில மாவட்டங்கள் ஒரு நடுவழியைக் கண்டன. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் யூதத் திருநாட்களான ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் ஆகியவற்றோடு தீபாவளி, நோன்புப் பெருநாள் ஆகிய நான்கையும் விடுமுறையாக்கும்படி பரிந்துரை வந்தபோது, 2021ஆம் ஆண்டு வாரியம் அதை அப்படியே ஏற்கவில்லை. பல மதத்தவரின் நாட்களை அனுசரிப்பு நாட்களாகக் குறித்து, பள்ளி நடந்தாலும் அன்று தேர்வு முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கேட்டவர்கள் பலர் கோபமடைந்தார்கள். ஆனால் மறு கல்வியாண்டு நாட்காட்டியில் விடுமுறைகளே இடம்பெற்றன. அண்டை மாவட்டமான லௌடன் கவுன்டி அதற்கு முன்னரே விடுமுறை தந்துவிட்டது என்பதும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது. பக்கத்து மாவட்டத்தின் முடிவைப் போல வாரியங்களை அசைக்கும் வாதம் வேறில்லை.

என் அனுபவத்தில், ஓர் ஊரில் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தேர்வில்லா நாளையே. இதற்குச் செலவில்லை, மாற்று ஆசிரியர் தேவையில்லை, ஜூன் மாத இறுதிநாள் தள்ளிப்போகாது, சட்டச் சிக்கலும் இல்லை. எழுத்தில் கேட்கும்போது மூன்றைக் குறிப்பிடுங்கள்: அன்று தேர்வு வைக்கக்கூடாது, அன்றைய இரவுக்கு வீட்டுப்பாடமோ மறுநாள் காலைக்கு ஒப்படைப்போ கூடாது, களப்பயணம், பட்டமளிப்பு, கல்லூரிக் கண்காட்சி போன்ற மீண்டும் வராத நிகழ்ச்சிகளை அன்று நடத்தக்கூடாது. மூன்றாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். தவறிய தேர்வை மறுபடி எழுதலாம், தவறிய களப்பயணத்துக்கு மாற்று இல்லை.

பள்ளியை மூடக் கேட்பது: சட்டம் எங்கே நிற்கிறது

1791இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிறுவுவதைத் தடுக்கிறது. மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையையும் காக்கிறது. பொதுப்பள்ளி அரசின் அங்கம் என்பதால், ‘இந்த நாள் புனிதமானது, ஆகவே பள்ளி இல்லை’ என்று அது சொல்ல முடியாது. ‘இந்த நாளில் பாதி வகுப்பு காலியாக இருக்கும், ஆகவே பள்ளி நடத்துவதில் பொருளில்லை’ என்று சொல்லலாம். கிறிஸ்துமஸுக்குப் பள்ளிகள் மூடுவதும் யூதர்கள் மிகுதியாக வாழும் மாவட்டங்களில் யோம் கிப்பூருக்கு மூடுவதும் சட்டத்தின் கண்ணில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையாகவே நியாயப்படுத்தப்படுகின்றன.

இந்த வேறுபாடு சொல் விளையாட்டல்ல என்பதை ஒரே நாளைப் பற்றிய இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. புனித வெள்ளியை மாநிலம் முழுவதற்கும் பள்ளி விடுமுறையாக்கிய இல்லினாய் மாநிலச் சட்டத்தை, ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஒன்று) 1995இல் செல்லாது என்றது. மதம் சாராத காரணம் எதையும் மாநிலம் சான்றுடன் காட்டவில்லை என்பதே குறை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1999இல், ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளி முதல் அடுத்த திங்கள் வரை பள்ளிக்கு விடுமுறை தந்த மேரிலாந்துச் சட்டத்தை நான்காம் வட்ட நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த நாட்களில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வரமாட்டார்கள் என்பது அங்கே காரணமாக நின்றது. 2022இல் உச்ச நீதிமன்றம், பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரின் வழிபாடு குறித்த பிரெமர்டன் வழக்கில், அரசின் செயலுக்கு மதம் சாராத நோக்கம் உண்டா என்று இத்தகைய வழக்குகளைச் சோதிக்கும் பழைய முறையைக் கைவிட்டு வரலாற்றையும் மரபையும் நோக்கத் தொடங்கியது. அதனால் இனிமேல் எண்கள் தேவையில்லை என்று வாதிடுவோரும் உண்டு. நான் அதை நம்பிக் காரியத்தில் இறங்கமாட்டேன். அமெரிக்க மரபையும் வரலாற்றையும் அளவுகோலாக வைத்தால் தீபாவளி எந்த இடத்தில் நிற்கும் என்பதை ஊகிக்கப் பெரிய சட்ட அறிவு வேண்டியதில்லை. வருகைப் பதிவேடுதான் நமக்கு உறுதியான தரை.

எண்களைத் திரட்டுவது

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பள்ளி எந்தப் பிள்ளையின் மதத்தையும் கேட்டுப் பதிந்து வைப்பதில்லை. ஆகவே ‘இத்தனை இந்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்று யாரும் சொல்ல இயலாது. ‘எங்கள் மாவட்டத்தில் ஆசியர் இத்தனை விழுக்காடு’ என்ற கணக்கை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதில் கொரியக் கிறித்தவரும் வியத்நாமியப் பௌத்தரும் பாகிஸ்தானிய முஸ்லிமும் அடக்கம். வாரியத்தில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினால் மிச்சமுள்ள வாதமும் வலுவிழக்கும்.

கேட்க வேண்டியது வராமை எண்ணிக்கை. மாநிலத்தின் பொதுப் பதிவேடுகள் சட்டத்தின்கீழ் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, தீபாவளி நாளன்று பள்ளிவாரியாக வராத மாணவர், வராத ஆசிரியர், அழைக்கப்பட்ட மாற்று ஆசிரியர், நிரப்ப முடியாமற்போன பணியிடம் ஆகியவற்றைக் கேளுங்கள். தனி மாணவரின் பதிவை வெளியிட இயலாது. மொத்த எண்ணிக்கையை வெளியிடலாம். ஒப்பிடுவதற்கு அதே கிழமையில் முந்தைய வாரத்தையும் அடுத்த வாரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தனியாக நிற்கும் எண்ணுக்குப் பொருளில்லை. திங்கட்கிழமையை எப்போதும் திங்கட்கிழமையோடுதான் ஒப்பிட வேண்டும்.

எந்த ஆண்டுகளை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, எண்ணே இல்லை. 2021இல் நவம்பர் 4, வியாழன். ஆனால் அது கொரோனாக் காலம், வராமை எல்லா நாட்களிலும் கூடியிருந்தது. 2024இல் அக்டோபர் 31க்கும் நவம்பர் 1க்கும் இடையே கொண்டாட்டம் பிரிந்துபோனது. தவிர, நவம்பர் 1 ஹாலோவீனுக்கு மறுநாள் என்பதால் இனிப்புத் தின்று களைத்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் கலந்திருக்கக்கூடும். தெளிவான ஆண்டுகள் 2022உம் 2025உம். 2022இல் அக்டோபர் 24, 2025இல் அக்டோபர் 20, இரண்டும் திங்கட்கிழமைகள். இந்த இரண்டையும் முதலில் வைத்து, மற்றவற்றின் குறைகளை நீங்களே சொல்லிவிடுங்கள். எதிரில் இருப்பவர் கண்டுபிடிக்குமுன் தன் கணக்கின் ஓட்டையைத் தானே காட்டுபவரை வாரிய உறுப்பினர்கள் அடுத்த முறையும் கேட்பார்கள்.

ஆசிரியர் எண்ணிக்கையை இரண்டாம் பட்சமாகக் கருதிவிட வேண்டாம். நியூயார்க் நகரில் யூதத் திருநாட்களுக்குப் பள்ளிகள் மூடப்படுவதற்கு, மாணவரோடு சேர்ந்து ஆசிரியர்களும் பெருமளவில் வராமற்போவதே காரணமாயிற்று. ஒரு பள்ளியில் முந்நூறு பிள்ளைகள் வராவிட்டாலும் மீதிப் பேருக்குப் பாடம் நடத்தலாம். பதினைந்து ஆசிரியர்கள் வராமல், மாற்று ஆசிரியரும் கிடைக்காவிட்டால், பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து நேரம் போக்குவதைத் தவிர வழியில்லை. நம் சமூகத்தில் பொதுப்பள்ளி ஆசிரியர்கள் பல ஊர்களில் மிகச் சிலரே. அப்படிப்பட்ட ஊரில் மூடும் வாதம் அந்த அளவுக்கு மெலிந்தது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

எந்தத் தேதியைக் கேட்பது

பள்ளி நாட்காட்டி ஓராண்டோ ஈராண்டோ முன்னதாகவே முடிவாகிறது. வாரியத்துக்குத் தேவை ஒரே தேதி. நாம் கொடுக்க முனைவதோ பஞ்சாங்க விவாதம். தமிழருக்குத் தேய்பிறைச் சதுர்த்தசியின் விடியற்காலை, வடநாட்டவருக்கு அமாவாசையின் மாலை. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் அமைந்துவிடும், சில ஆண்டுகளில் அமையாது. இதற்கு மேல் இந்திய நேரத்துத் திதியா, அமெரிக்க நேரத்துத் திதியா என்ற கேள்வியும் உண்டு. இந்த விவாதத்தை நம் வீட்டுக்கூடத்தில் முடித்துக்கொண்டு, வட்டாரக் கோயில்களும் சங்கங்களும் கூடி ஒப்புக்கொண்ட ஒரே தேதியை, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கிழமையுடன் அட்டவணையாகத் தர வேண்டும். ஒப்புக்கொண்ட தேதி வடநாட்டுத் தேதியாகவே இருந்தாலும் தமிழ்க் குடும்பங்கள் ஏற்பதுதான் விவேகம் என்பேன். தேதி மாறும் ஆண்டில் நமக்கு விடுப்புக் கடிதம் இருக்கிறது. வாரிய மேசையின் முன் இரண்டு தேதிகளோடு நிற்பவர்களுக்கு எந்தத் தேதியும் கிடைப்பதில்லை.

அட்டவணையில் சில ஆண்டுகள் தாமாகவே விலகிவிடும். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அவ்வாண்டு எதுவும் கேட்க வேண்டாம், அதையும் எழுதிக் காட்டுங்கள். நவம்பர் தொடக்கத்தில் பல மாவட்டங்களில் தேர்தல் நாள் விடுமுறை, நியூ ஜெர்சியில் ஆசிரியர் சங்க மாநாட்டு விடுமுறை, நவம்பர் 11இல் படைவீரர் நாள் என்று ஏற்கெனவே ஓட்டைகள் நிறைய. ஆசிரியர் பயிற்சி நாள் ஒன்றைத் தீபாவளிக்கு நகர்த்தும்படி கேட்டால் மொத்த வேலைநாள் குறையாது. நியூயார்க், நியூ ஜெர்சி உட்பட மிகப் பல மாநிலங்களில் 180 நாள் என்ற கணக்கு இருப்பதால், ஒரு நாளைக் கூட்டினால் ஆண்டிறுதி ஒரு நாள் தள்ளும்; நகர்த்தினால் தள்ளாது. இந்த உத்தி வேறிடத்தில் பலித்திருக்கிறது. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி 2016 செப்டம்பர் 12ஆம் தேதி வந்த தியாகப் பெருநாளன்று ஆசிரியர் பணிநாளை வைத்து, மாணவருக்கு விடுமுறை ஆக்கியது.

யாரோடு சேர்ந்து, எப்போது

மான்ட்கோமரியின் முந்தைய கதையையும் அறிந்துகொள்ள வேண்டும். 2014இல் அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள், யூதப் பண்டிகைக்கு நிகராகத் தங்கள் பெருநாளையும் நாட்காட்டியில் குறிக்கும்படி கேட்டார்கள். வாரியம் தந்த விடை எதிர்பாராதது. எல்லா மதப் பண்டிகைகளின் பெயர்களையும் நாட்காட்டியிலிருந்து நீக்கியது, விடுமுறை நாட்களை மட்டும் பெயரின்றி வைத்துக்கொண்டது. ஃபுளோரிடாவின் ஹில்ஸ்பரோ கவுன்டியில் 2005இல் இன்னும் கடுமையாக நடந்தது. நோன்புப் பெருநாளுக்கு விடுமுறை கேட்கப்பட்டபோது, வாரியம் யோம் கிப்பூர், புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள் ஆகியவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டது. ஊரெங்கும் எழுந்த எதிர்ப்பில் சில வாரங்களிலேயே பழைய விடுமுறைகள் திரும்பி வந்தன. முஸ்லிம்கள் கேட்டது மட்டும் வரவில்லை. அதற்குள் கேட்டவர்கள்மீதே பழி விழுந்திருந்தது.

ஆகவே வாரியத்துக்குப் போகுமுன் யூத, முஸ்லிம், கிறித்தவ, சீக்கிய, சமணப் பெற்றோரோடு பேசி, ‘இருப்பதில் எதையும் எடுக்க வேண்டாம், எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவுகோலை வகுத்து, அதை எட்டும் நாளை மூடுங்கள், எட்டாத நாளைத் தேர்வில்லா நாளாக்குங்கள்’ என்று ஒரே மனுவாகக் கொடுக்க வேண்டும். தீபாவளி சமணருக்கு மகாவீரர் முக்தியடைந்த நாள், சீக்கியருக்குக் குரு ஹர்கோபிந்த் சிறைமீண்டதைக் கொண்டாடும் பந்தி சோர் நாள். அவர்கள் எண்ணிக்கையும் அதே வராமைக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்ச் சங்கங்கள் இங்கே ஒன்றை மறந்துவிடக்கூடாது. தமிழ்க் குடும்பங்களில் இஸ்லாமியரும் கிறித்தவரும் இருக்கிறார்கள். சங்கத்தின் பெயரால் மனுக் கொடுத்தால் நோன்புப் பெருநாளும் புனித வெள்ளியும் அதில் இருந்தாக வேண்டும். பெருநாளுக்குத் தேதி நிச்சயமில்லை என்று வாரியம் சொல்லக்கூடும். பிறை கண்டு முடிவு செய்யும் வழக்கம் இருந்தாலும், இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் அமைப்பான வட அமெரிக்க ஃபிக் கவுன்சில் வானியல் கணக்கின்படி தேதியை முன்கூட்டியே அறிவிக்கிறது என்பதைச் சொல்லலாம்.

காலம் தவறினால் எல்லாம் வீண். 2015 செப்டம்பரில், நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில், தியாகப் பெருநாளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும்போது பள்ளியை மூடக் கோரினார்கள். வேலைக்குச் செல்லும் பெற்றோர் அவ்வளவு குறுகிய காலத்தில் பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்ய முடியாது என்ற காரணத்தோடு வாரியம் மறுத்தது. அது நியாயமான மறுப்பே. பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளரின் அலுவலகத்தின்கீழ் இயங்கும் நாட்காட்டிக் குழு எப்போது கூடுகிறது என்று விசாரித்து, அதற்கு மூன்று மாதங்கள் முன்பே எண்களோடு போங்கள். குழுவில் பெற்றோருக்கு இடமிருந்தால் விண்ணப்பியுங்கள். வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரம் பெரும்பாலும் ஆளுக்கு மூன்று நிமிடமே. ஒருவர் எண்களைச் சொல்லட்டும், ஓர் ஆசிரியர் அன்றைய வகுப்பறை எப்படி இருந்தது என்று சொல்லட்டும், உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் தேர்வுக்கும் பண்டிகைக்கும் நடுவே பட்ட பாட்டைச் சொல்லட்டும். பட்டுச்சேலையும் குத்துவிளக்குமாக நாற்பது பேர் போய் நின்று ஆளுக்கொரு விதமாகத் தீபாவளியின் தத்துவத்தை விளக்கிய ஒரு கூட்டத்தில் நான் இருந்திருக்கிறேன். உறுப்பினர்கள் புன்னகையோடு கேட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

எதிர்வாதங்களை மதித்தல்

பள்ளி மூடும் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்குச் செலவு. மணிக்கூலிக்கு வேலை செய்யும் தாய் அன்று சம்பளத்தை இழப்பார் அல்லது பிள்ளைக் காப்பகத்துக்குப் பணம் கட்டுவார். பள்ளியில் கிடைக்கும் இலவசக் காலை உணவையும் மதிய உணவையும் நம்பியிருக்கும் பிள்ளை அன்று அதை இழக்கும். விடுமுறைகள் பெருகிய மாவட்டங்களில், முழு ஐந்து நாள் கொண்ட வாரமே அரிதாகிவிட்டது என்ற முறையீட்டைப் பெற்றோரே எழுப்புகிறார்கள். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கு இந்த முறிவு மிகவும் கடினம். இவற்றைக் கேட்டு முகம் சுளிக்காமல், விடுமுறை நாளில் காப்பகமும் உணவும் பள்ளிக் கட்டடங்கள் ஒன்றிரண்டில் நடக்க ஏற்பாடு உண்டா என்று நீங்களே மனுவில் கேட்டால், அது பண்டிகைக்காரர்களின் மனுவாக மட்டும் நில்லாது. ‘இதற்கு முடிவு எங்கே, நாளை எல்லா மதமும் கேட்குமே’ என்ற கேள்விக்கு விடை முன் சொன்ன பொது அளவுகோல்தான்: கேட்கட்டும், எண்கள் இருந்தால் கிடைக்கட்டும், இல்லாவிட்டால் தேர்வில்லா நாள் கிடைக்கட்டும்.

மாநிலச் சட்டங்களைப் பற்றிய ஒரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். பென்சில்வேனியா 2024இல் தீபாவளியை மாநில விடுமுறையாக அங்கீகரித்தது. கலிஃபோர்னியா ஆளுநர் 2025 அக்டோபரில் அவ்வாறே ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வாட்ஸப்பில் இச்செய்திகள் ‘இனிப் பள்ளி இல்லை’ என்று பரவின. பென்சில்வேனியச் சட்டம் பள்ளிகளை மூடச் சொல்லவில்லை. கலிஃபோர்னியச் சட்டம் மூட விரும்பும் பள்ளிகளுக்கு இடமளிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. நியூயார்க் மாநிலத்தின் தீபாவளிச் சட்டமும் நியூயார்க் நகரத்துக்கு மட்டுமே. அதே ஆண்டு அங்கே சந்திரப் புத்தாண்டுக்கு இயற்றப்பட்ட சட்டம்தான் மாநிலம் முழுவதற்குமானது. முடிவு எடுப்பது பெரும்பாலும் உங்கள் மாவட்ட வாரியமே.

பொங்கலுக்கும் இதே முறையில் கேட்கலாமா என்று பலர் வினவுகிறார்கள். எந்த மாவட்டத்திலும் தமிழர் மட்டுமே கொண்டாடும் நாளுக்கு மூடுமளவு எண்ணிக்கை சேர்வதாக நான் அறியேன். சேராத எண்ணை வைத்துக் கேட்பது, தீபாவளிக்காகக் கட்டிய நம்பகத்தன்மையையும் கரைத்துவிடும். பொங்கலுக்கு விடுப்புக் கடிதமே வழி. ஜனவரி மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள் என்பதால், 2024இல் ஜனவரி 15 அன்று நேர்ந்ததுபோல, எப்போதாவது இரண்டும் ஒன்றாக விழும். மற்ற ஆண்டுகளில் கடிதத்தை ஜனவரி முதல் வாரத்திலேயே அனுப்பி, வருகை அலுவலகத்திலிருந்து ஏற்பு வந்ததா என்று பாருங்கள். வந்த ஏற்பின் படி ஒன்றை எடுத்து வையுங்கள், ஆண்டிறுதியில் சான்றிதழ் பட்டியல் ஒட்டப்படும்போது அது தேவைப்படலாம்.